ரப்பர் பால் பூசிய சுவர்

அந்த வீட்டுக்கு நான் யாரிடமும் வழி கேட்கவில்லை. தெஹியோவிட்டவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கு ஊடாக ஏறும் செம்மண் பாதையில் பாதி தூரம் போனதுமே இருமல் கேட்டது. அடியில் ஏதோ கொதித்துக்கொண்டிருப்பது போன்ற இருமல். வைகாசி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மரங்கள் சொட்டின, பாதையோரத்துப் புல் சொட்டியது, என் குடைக்கம்பியும் சொட்டியது. இருமலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பத்துக் குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக வாழும் ஒரு பழைய லயத்தின் கடைசி வாசலில் அது என்னைக் கொண்டுபோய் விட்டது.

வாசலை ஒட்டிய ஒடுங்கிய திண்ணையில், அதாவது இஸ்தோப்பில், ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் அவர். அறுபதைத் தாண்டியவர். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, எங்கிருந்தோ ஓடி வந்து இப்போதுதான் நின்றவர் போல உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் அந்தக் கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"வாங்க மிஸ்," என்றார். ஒரு மூச்சு இழுத்தார். "வீட்டப் பாக்க வந்தீங்களா." இன்னொரு மூச்சு. "ஆளப் பாக்க வந்தீங்களா."

"ரெண்டையும்தான் அண்ணே."

"அப்ப வீட்ட மொதல்ல பாருங்க." மூச்சு. "அது கொஞ்சம் தேவல."

உள்ளே இருட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அவரு பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல தங்கச்சி. மூச்சுதான் பத்தல. பேச்ச கொறச்சி மூச்ச கூட்டிக் குடுத்திருந்தா நா நிம்மதியா இருந்திருப்பேன்."

அந்தக் குரலிலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. இவர்கள் இரண்டு பேரையும் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் கை தானாகச் சிரிக்கிறது. ஆனால் அன்று நான் போனது சிரிக்கிற காரியத்துக்கு அல்ல.

என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. டவுனில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், இரண்டு அறைகளில், எங்கள் வீட்டு உதவி அலுவலகம் இருக்கிறது. நாங்கள் புது வீடு கட்டிக் கொடுப்பவர்கள் அல்ல. இதை ஒவ்வொரு வாசலிலும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். பிந்தினால் தேத்தண்ணியோடு சேர்ந்து நம்பிக்கையும் வந்துவிடும், அதைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். நோயாளிகளும் தனியாக இருக்கும் வயதானவர்களும் வாழ்கிற வீடுகளை, இருக்கிறபடியே, கொஞ்சம் வாழத்தக்கதாக ஆக்குவதுதான் எங்கள் வேலை. தகரம் மாற்றுவோம், புகைக்கு வழி வைப்போம், வீட்டுக்குச் சொந்தக்காரர் யாரோ அவருக்குக் கடிதம் எழுதுவோம். கிளினிக்கிலிருந்து ஒரு துண்டு வரும்: இந்த நோயாளி தூங்குகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். மருந்து எழுதிய டாக்டருக்கு, மருந்து குடித்தபின் அந்த மனிதன் எந்தக் காற்றை இழுக்கிறான் என்று ஒரு சந்தேகம் வந்திருக்கும். அந்தச் சந்தேகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நான் பஸ் ஏறுவேன்.

இந்த வேலை எனக்குப் பொருந்தியதற்குக் காரணம் ஒன்று உண்டு. எனக்கு ஒரு வீட்டில் தரிக்காது. ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அதன்பிறகு வாடகை அறைகளாக மாறிக்கொண்டே இருக்கிறேன். ஒரு சன்னல் பிடிக்காது, ஒரு பூட்டு பிடிக்காது, ஒரு தெருவின் சத்தம் ஆறு மாதத்தில் அலுத்துப்போகும். அப்படிப்பட்டவளுக்கு மற்றவர்களின் வீடுகளுக்குள் நுழைந்து சுவரைத் தட்டிப் பார்க்கச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

தட்டிப் பார்த்தேன். பின்சுவர் இடுப்பு உயரம் வரை கறுத்திருந்தது. உள்ளங்கையை வைத்தேன், நாயின் மூக்கைத் தொட்டது போன்ற குளிர்ந்த ஈரம். அந்தச் சுவரோடு ஒட்டி அவர்களுடைய கட்டில். தலைமாடு சுவர்ப்பக்கம். மறுமூலையில் அடுப்பு, புகை வெளியே போக வழியில்லாமல் கூரைத் தகரத்தின் உட்பக்கத்தில் பிசினாகத் தொங்கியது. சன்னல் என்று ஒன்றும் இல்லை.

"எத்தன வருசமா இப்பிடி இருக்கு அக்கா?"

"மழ வந்தா நனையும். வெயில் வந்தா காயும். சொவருன்னா அப்பிடித்தானே தங்கச்சி?"

"தோட்டத்து ஆபீசுல சொல்லலயா?"

அவள் முந்தானையால் கட்டிலின் விளிம்பைத் துடைத்தாள், அது துடைக்கிற அளவுக்கு அழுக்காக இல்லாதபோதும். "வேலையில இருந்தா சொல்லலாம். ரெண்டு பேருக்கும் பேரு வெட்டி நாளாச்சு. நாங்க இருக்கிற இந்தக் காம்பரா தோட்டத்தோடது. எங்கள யாரும் போகச் சொல்லல. இருங்கன்னும் சொல்லல. இப்பப் போயி சொவரு நனையுதுன்னு நின்னா, 'ஓ, நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டா?"

ஒரு வீட்டில் ஒளிந்திருப்பவர்கள் போல வாழ்வது என்றால் என்னவென்று அன்று எனக்கு விளங்கியது. கூரை ஒழுகினால் சட்டி வைப்பார்கள், சத்தம் போடமாட்டார்கள்.

அவர் இஸ்தோப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மக வாறா," என்றார், அதற்குப் பதில் போல. "தீவாளிக்கு. வண்டியோட."

மகள் வத்தளையில் இருக்கிறாள், கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும். மூன்றாவது மாடி. அவிசாவளை கிளினிக்கில் டாக்டர் அவளையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: இந்த ஈரத்திலும் புகையிலும் இருந்தால் மருந்து பாதிதான் வேலை செய்யும். அவள் தகப்பனுக்குத் தவணை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தீபாவளிக்குள் மூச்சு சரியாகவில்லையென்றால் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

"நல்லதுதானே அண்ணே, மகளோட இருக்கிறது."

"மூணாவது மாடி மிஸ்." மூச்சு. "எறங்குனா ஏற முடியாது. ஏறுனா எறங்க முடியாது." மூச்சு. "அப்ப நா எங்க இருக்கிறது? படியிலயா?"

பிறகு மெதுவாக: "இங்க நாலு மரம் இருக்கு." ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். அங்கே ஒரு பாஸ், அதாவது மேசன் வேலைக்காரர், தன் காணியில் சில ரப்பர் மரங்கள் வைத்திருந்தார். அந்த மரங்களுக்கு இவர்தான் இன்னும் பால் வெட்டுகிறார். அரைமணி நேர வேலைக்கு ஒரு காலை முழுவதும் எடுக்கும். நான்கு மரம் வெட்டி, நான்கு இடத்தில் உட்கார்ந்து, திரும்பி வருவார். வத்தளையில் அவருக்கென்று வெட்ட ஒரு மரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரிந்திருக்கும். அவள் தகப்பனின் உயிரைப் பார்த்தாள். அவரும் அதைத்தான் பார்த்தார், வேறொரு பக்கத்திலிருந்து.

தோட்டத்து ஆபீசுக்கு நான் எழுதிய கடிதத்தில் முறைப்பாடு என்ற வார்த்தையே வரவில்லை. கிளினிக்கின் வேண்டுகோள் என்று எழுதினேன். சன்னல் ஒன்று உடைக்க, தகரம் மாற்ற, புகைபோக்கி வைக்க அனுமதி. மூன்று வாரம் கழித்துக் கையெழுத்தோடு வந்த பதிலில், நான் கேட்காத ஒரு வரி இருந்தது: 'நோயின் காரணமாக மேற்படி காம்பராவில் தொடர்ந்து வசித்துவரும் குடும்பத்தினர்.' யார் அதை எழுதினார்களோ, நல்லா இருக்கட்டும். நான் அந்த வரியை வாசித்தபோது அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

"திரும்ப ஒருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"தொடர்ந்துன்னு இருக்கா?"

"இருக்கு அக்கா. ஆபீஸ் முத்திரையோட."

அடுத்த தடவை போனபோது சொன்னாள், அன்று இரவு விடியும்வரை ஒரே தூக்கம் என்று. தகரம் இன்னும் மாறவில்லை, சன்னல் இன்னும் வைக்கவில்லை. ஒரு தாளில் இருந்த ஒரு சொல்லுக்கே அவள் உடம்பு இளகிவிட்டது. அதை எந்த இடத்தில் எழுதுவது என்று எங்கள் படிவத்தில் நான் தேடினேன். தூக்கம் என்று ஒரு கட்டம் இல்லை.

வேலைக்கு அதே பாஸ்தான் வந்தார். இவரும் அவரும் பால்யத்துச் சினேகிதர்கள். இவர் சிங்களத்தில் திட்டுவார், அவர் தமிழில் திட்டுவார், மரியாதைக்கு.

"ஹரி, சரி மிஸ், லேசு வேல," என்றார் பாஸ் சுவரைப் பார்த்துவிட்டு. "ஆனா இந்த ஆள வெளிய அனுப்புங்க. இவர் இருந்தா ஒவ்வொரு கல்லுக்கும் பேச்சு."

"கல்லு வக்கிறது ஓம் வேல," என்றார் இவர். மூச்சு. "கோணலாச்சுன்னா சொல்றது என் வேல."

ஆடி முடிவதற்குள் தகரம் மாறியது. அடுப்புக்கு மேலே புகைபோக்கி ஏறியது. முன்பக்கச் சுவரில், ஒரு நூறு வருடத்துக் கல்லையும் சுண்ணாம்பையும் உடைத்து, இரண்டு கதவு வைத்த சன்னல் வந்தது. முதல்நாள் வெளிச்சத்தில் அவள் தன் வீட்டுக்குள்ளேயே இதுவரை பார்த்திராத ஒரு கறையைக் கண்டுபிடித்து, அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்சுவருக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். கூரை ஒழுகல் நின்றால் சுவர் தானே காயும் என்றார் பாஸ். எனக்கும் அப்படித்தான் பட்டது. மேலே இருந்து வருகிற தண்ணீரைத்தானே நாம் தண்ணீர் என்கிறோம்.

சுவர் காயவில்லை. அவர் அதை என்னிடம் சொல்லவும் இல்லை. இவ்வளவு செய்தவர்களிடம் இன்னும் கேட்பது அவருக்கு அழகாகத் தோன்றவில்லை. அதனால் தனக்குத் தெரிந்ததைச் செய்தார்.

ஆவணியில் நான் போனபோது இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள், ஏதோ கல்யாணத்துக்கு வரவேற்பது போல. உள்ளே கூட்டிப்போய்ப் பின்சுவரைக் காட்டினார்கள். அது பளபளத்தது. மஞ்சள் கலந்த வெள்ளை, வழுவழுப்பு, புதுச் சன்னலின் வெளிச்சம் அதில் ஒரு குளம் போலக் கிடந்தது.

"என்ன அண்ணே இது?"

"பாலு!" என்றார். "அஞ்சு பூச்சு. ஒண்ணு காஞ்சதும்," மூச்சு, "மறு பூச்சு."

நான்கு மரத்துப் பாலையும் ஒரு மாதமாகத் தனக்கென்று கேட்டு வாங்கி, தேங்காய்த் தும்பைத் தட்டித் தூரிகையாக்கி, முழங்காலிலும் முக்காலியிலும் நின்று அந்தச் சுவர் முழுவதற்கும் ரப்பர் பால் பூசியிருந்தார். நாற்பது வருடம் பால் வெட்டியவர். பால் காய்ந்தால் தண்ணீர் புகாத தோலாகும் என்பது அவருக்குக் கை அறிந்த உண்மை. மழைக்காலத்தில் மரத்தின் வெட்டு நனையாமல் இருக்க, வெட்டுக்கு மேலே சுற்றிவர பொலித்தீன் கட்டுவார்கள். எல்லோரும் அதைப் பாவாடை என்பார்கள்.

"மரத்துக்குப் பாவாட கட்டுறோம்ல மிஸ்? அதே கணக்குத்தான்."

உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வெளியே தூறல், சுவர் காய்ந்திருந்தது! எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனையோ வீடுகளில் நாங்கள் வைத்த சன்னலைச் சாக்குப் போட்டு அடைத்துவிட்டு இருப்பார்கள். இங்கே ஒரு மனிதர் நாங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். படிவத்தை எடுத்து அவர் முன்னாலேயே எழுதினேன்: 'பின்சுவரை வீட்டுக்காரரே சரிசெய்துவிட்டார். திருப்தி.' கையெழுத்தும் போட்டேன்.

"என்னா எழுதுனீங்க?"

வாசித்துக் காட்டினேன்.

"வீட்டுக்காரருன்னா எழுதுனீங்க?" மனைவியைப் பார்த்தார். "கேட்டியா புள்ள?"

"கேட்டேன், கேட்டேன். வீட்டுக்காரரே, கொஞ்சம் வெளிய போயி இருங்க, நாத்தம் தாங்கல."

அந்த நாற்றத்தை நானும் உணர்ந்தேன். புளித்த பாலின் நாற்றம், ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் காற்று மாதிரி. நான் தேயிலைக்காரி. எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. இருந்தும், கொஞ்சநாளில் போய்விடும் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் அவள் போனில் அழைத்தாள். அவரை அவிசாவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூன்று நாள் வார்டில் இருந்தார், மூக்கில் குழாயோடு. வார்டில் நல்லாகி வீட்டுக்கு வந்தார். வந்து நான்காம் நாள் திரும்பவும் அதே இழுப்பு. அன்று பின்னேரமே மகளின் அழைப்பு வந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மிஸ், நீங்க சன்னல் வச்சீங்க, தகரம் மாத்துனீங்க, நா ஒண்ணும் கொற சொல்ல வரல. ஆனா எங்கப்பாவுக்கு முன்னயவிட மோசம். ஆஸ்பத்திரியில நல்லாருக்காரு, வீட்டுக்கு வந்தா சாகுறாரு. அப்ப வீடுதானே? நா தீவாளி வரைக்கும் காத்திருக்கிறது சரியா, நீங்களே சொல்லுங்க."

"தீவாளி வரைக்கும் தாங்க," என்றேன். "அதுக்கு மேல ஒரு நாளும் கேக்கமாட்டேன்." எந்தத் தைரியத்தில் கேட்டேன் என்று தெரியாது. போனை வைத்தபின் வெகுநேரம் என் அறைக்குள் நடந்தேன். அது ஐந்து எட்டில் முடிந்துவிடுகிற அறை. வீடுதானே, வீடுதானே என்று காலடி சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். இந்தத் தடவை படிவத்தை எடுக்கவில்லை. கட்டிலில், அவர் தலை வைக்கும் இடத்தில், அவர் படுப்பது போலவே படுத்துப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மூச்சை இழுத்தேன். புளித்த பால். அதற்கு அடியில் இன்னொன்று, நனைந்த பழைய சாக்கின் வாடை. தலையைத் திருப்பினேன். என் கண்ணுக்கு நேரே சுவருக்கு வயிறு வந்திருந்தது. ரப்பர்த் தோல் தரையோரத்தில் உப்பிப் புடைத்துத் தொங்கியது. விரலால் அமுக்கினேன். அசைந்தது. உள்ளே தண்ணீர்.

"மிஸ்," என்றார் அவர், வாசலில் நின்று. "அத என்னா செய்யிறீங்க?"

நகத்தால் ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன். தோல் உரிந்து வந்தது, ஒரு நீண்ட பெருமூச்சின் சத்தத்தோடு. புகைபட்டுப் பழுப்பேறி, முழு ஷீட்டாக, சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் அச்செடுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் என் காலில் கொட்டியது. தோலுக்குப் பின்னால் சுவர் முழுவதும் கறுப்பு வெல்வெட் துணி போலப் பூஞ்சணம். அது தன்பாட்டுக்கு வளர்ந்து, ஓரங்களில் கிழிந்த இடங்களால் அவருடைய தலையணைக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த தோலை வாங்கி, மடித்து, விரித்து, அதன் கனத்தைப் பார்த்தார், ரப்பர் ஸ்டோரில் ஷீட்டைப் பார்ப்பது போல.

"நல்ல பாலு," என்றார். மூச்சு. "அப்ப நாந்தான்." மூச்சு. "எனக்கே வென வச்சிக்கிட்டேன்."

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பையிலிருந்து ஆவணியின் படிவத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "பாருங்க அண்ணே. திருப்தின்னு எழுதியிருக்கேன். கையெழுத்து என்னோடது. படிச்ச முட்டாள் நாந்தான்." அந்த வரியை வெட்டினேன், அவர் பார்க்கப் பார்க்க.

அவள்தான் எங்களை மீட்டாள். இடுப்பில் கைவைத்துச் சுவரைப் பார்த்தாள், பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நல்ல சோடி. ஒருத்தரு சொவருக்கு மழக்கோட்டு போட்டாரு, உள்பக்கமா. இன்னொருத்தவங்க அதுக்குச் சர்ட்டிபிகேட் குடுத்தாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்றே பாஸைக் கூப்பிட்டோம். அவர் சுவரை ஒரு நிமிடம் பார்த்தார், வெளியே போய், லயத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். இத்தனை தடவை வந்தும் நான் போகாத இடம். மலையை வெட்டி லயம் கட்டியிருந்ததால் பின்னால் ஒரு மண் திட்டு. திட்டுக்கும் சுவருக்கும் நடுவே, மலைத்தண்ணீரைக் கொண்டுபோக ஒரு காலத்தில் வெட்டிய கான் இருந்திருக்க வேண்டும். அது சரிந்த மண்ணும் ரப்பர் இலையும் நிரம்பி, இடுப்பு உயரத்துக்கு மூடிக் கிடந்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் அத்தனையும் அந்த மண்ணில் ஊறி, சுவரில் சாய்ந்து நின்றது.

பாஸ் கீழே வந்து அவர் தோளில் கை வைத்தார். "மச்சாங், தண்ணி வாறது பின்னால. நீ முன்னால பூட்டுப் போட்டுட்ட."

"கானா?" என்றார் அவர். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன அவருக்கு. "ரப்பர் மலையில ஒரு கான் அடச்சா கங்காணி," மூச்சு, "பரம்பரையவே ஏசுவாரு. நாங்க எத்தன கான் வெட்டியிருக்கோம்." மூச்சு. "நம்ம வீட்டுக்குப் பின்னால ஒருத்தனும் பாக்கலயே!"

மலையில் கான் வெட்டினால் பேர் விழும், அன்றைய சம்பளம் கணக்கில் ஏறும். லயத்துக்குப் பின்னால் வெட்டினால் பேர் விழாது. அது யாருடைய வேலையும் அல்ல. எங்கள் படிவமும் அப்படித்தான். கூரை, தரை, சுவர், அடுப்பு, சன்னல், எல்லாவற்றையும் கேட்கும். வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் பேனாவால் ஒரு கேள்வி எழுதிக்கொள்கிறேன்: பின்பக்கம் போய்ப் பார்த்தாயா?

ஞாயிற்றுக்கிழமை பத்து வீட்டு ஆட்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஒரு காம்பராவுக்கு மட்டும் கான் வெட்ட முடியாது. தண்ணீர் அடுத்த வீட்டில் போய் நிற்கும். தன் இரண்டு பிள்ளைகளும் மாதக்கணக்கில் இருமுவதைப் பக்கத்து வீட்டுக்காரி அன்றுதான் என்னிடம் சொன்னாள், அவளும் அது குளிரால் என்று நினைத்திருந்தாளாம். அவருடைய பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கித் திட்டின் ஓரத்தில் வைத்தார்கள். அங்கிருந்து அவர் வேலை வாங்கினார்.

"சரிவு பத்தாது! தண்ணி என்னா," மூச்சு, "ஒன்ன மாதிரி படுத்துத் தூங்கவா வருது?"

"மாமா, நீங்க மூச்ச விடுங்க, நாங்க மண்ண அள்ளுறோம்," என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான்.

அந்த மிச்சத் தோலையும் உரித்தெடுத்தோம். பூஞ்சணத்தைச் சுரண்டிக் கழுவினோம். சீமெந்து பூசலாமா என்று கேட்டேன். "எப்பா, வேணாம்," என்று தலையாட்டினார் பாஸ். இந்தப் பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி, சீமெந்தும் ரப்பர் மாதிரி வாயைப் பொத்திவிடும் என்றார். காயும்வரை சன்னலைத் திறந்து போட்டுவிட்டு, அவர்கள் இரண்டு வாரம் பக்கத்து லயத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்தார்கள். பிறகு சுண்ணாம்பு. பிறகு கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். அங்கே படுத்தால் தூக்கம் வராது, கிழக்கு மாறுகிறது என்று அவர் சண்டை பிடித்தார். அவள் கேட்கவில்லை.

ஐப்பசி மழை அந்த ஊரில் பின்னேரங்களில் இடியோடு வரும். முதல் பெருமழையன்று நான் அங்கே அகப்பட்டுக்கொண்டேன். மூன்று பேரும் பின்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம், தொலைக்காட்சி பார்ப்பது போல. சுவர் வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சத்தம், தாழ்ந்த, விடாத சத்தம்.

"கேளுங்க மிஸ்," என்றார். "ஓடுது."

அந்த வார்த்தைகளுக்கு நடுவில் அவர் மூச்சு எடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. சந்தோஷத்தில் ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

ஆனால் நான் என்ன நினைக்கிறேன் என்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மகள் வர வேண்டும், பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு முதல்நாள் அவள் வேனோடு வந்தாள். தீபாவளியன்று மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது தகப்பனுடைய உடுப்புப் பை கட்டி வாசலில் இருந்தது. தாய் கட்டவில்லை, மகள் வந்த கையோடு தானே கட்டியது. என்னைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்தாள். கைகுலுக்கும்போது அவள் விரல்களில் சுண்ணாம்பு இருந்தது. நான் வருவதற்கு முன்பே சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறாள்.

சாப்பிட்டு முடிந்ததும் சாதாரணமாகக் கேட்டாள். "அப்பா, ஏதோ கான் கான்னு சொல்றீங்களே. வாங்க, காட்டுங்க."

லயத்தின் பின்னால் ஏற, மண்ணில் வெட்டிய பதினோரு படி. அவர் முன்னால், அவள் பின்னால், நானும் தாயும் கீழே. அவர் கையை நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டே ஏறினார். இது இந்த வீட்டான் வெட்டியது, இது கோணல், இது நான் சொல்லித் திருத்தினது. அவள் கானைப் பார்க்கவேயில்லை. தகப்பனின் முதுகையே பார்த்தாள். அவர் ஐந்தாம் படியில் ஒரு தரம் நின்றார். ஒன்பதாம் படியில் ஒரு தரம். நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள். தாய் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் எவ்வளவு பலமானவை என்று அன்று தெரிந்துகொண்டேன். மேலே போய்ச் சேர்ந்ததும் மகள் அவருடைய முதுகில் காதை வைத்தாள், பெனியனுக்கு மேலாக.

"என்னா புள்ள இது, எல்லாரும் பாக்குறாங்க!"

"பேசாம மூச்ச இழுங்க."

இழுத்தார். விட்டார். இன்னும் ஒரு தரம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து தாயைப் பார்த்து ஏசத் தொடங்கினாள். சன்னலை ஒரு நாளும் பூட்டக் கூடாது, மூச்சுக்கான மருந்துப் பம்ப்பை நேரத்துக்கு இழுக்க வைக்க வேண்டும், கிளினிக் ஒரு தடவைகூடத் தப்பக் கூடாது, கானில் ஒரு இலை கிடந்தாலும் தனக்குப் போன் வர வேண்டும். தாய் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றாள். அந்த ஏச்சுக்கு அர்த்தம் என்னவென்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருக்கப்போகிறவர்களைத்தான் அப்படி ஏசுவார்கள்.

"அடுத்த வைகாசி மழையில பாப்பேன்," என்றாள் என்னிடம். "இந்த மழ பெரிசில்ல. அந்த மழயில நல்லாருந்தா நம்புறேன்."

"நியாயம்தான்," என்றேன்.

நாலு மணிக்கு வேன் புறப்பட்டது. பிலாக்காய் இரண்டு, முறுக்கு டின் ஒன்று, அதிரசம், பிள்ளைகளுக்கு வெடி. இருந்த பரபரப்பில் யாரும் கவனிக்கவில்லை. வேன் கீழே வளைவில் திரும்பும்போதுதான் அவர் இஸ்தோப்பின் மூலையைப் பார்த்தார். அங்கே இருந்த பை இல்லை. மகள் காலையில் சொல்லியிருந்தபடியே வண்டி ஓட்டி வந்தவர் அதையும் ஏற்றிவிட்டிருந்தார். தகப்பனிடம் மிஞ்சியது இடுப்பில் இருந்த சாரமும் அந்தப் பெனியனும்தான்.

"ஏய்! என் சட்ட!" என்று அவர் கத்தினார். "என் சட்டய எங்கடி கொண்டு போறீங்க!"

மலையே திரும்பிப் பார்த்தது. பத்து வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். கீழே வளைவில் வேனின் சிவப்பு விளக்கு எரிந்தது. அது நின்றது.

அவள், அவர் மனைவி, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. "கேட்டீங்களா தங்கச்சி? இந்தச் சத்தம் போயி நாலு வருசமாச்சு. ஊரே நிம்மதியா இருந்துச்சு."

அவருக்கு உடனே இருமல் பிடித்துக்கொண்டது. கதிரையில் சாய்ந்தார். அவள் சிரிப்பை விட்டுவிட்டுப் பம்ப்பை எடுத்துக் குலுக்கி வாயில் வைத்தாள். ஒரு தரம். எண்ணிக்கொண்டு இன்னொரு தரம். மகள் பையைத் தூக்கிக்கொண்டு பாதையில் ஓடி வருவது தெரிந்தது. நாங்கள் அவருடைய நெஞ்சைப் பார்த்தபடி நின்றோம். மூச்சு வர நேரம் எடுத்தது. வந்தது.